உள்வீதி

எங்கள் மாமி கனடாவுக்கு வந்து இறங்கியது 1993 ஐப்பசியில். வந்து முதல் சனிக்கிழமையே அவரை ஸ்காபரோ ரவுண் சென்ரருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நூல் சேலைக்கு மேலே என்னுடைய பழைய குளிர் ஜக்கெற். காலில் இரண்டு சோடி காலுறை, அதற்கு மேல் இவருடைய சப்பாத்து. கீழ்த்தட்டில் ஒரு சுற்று, மேல்தட்டில் ஒரு சுற்று. ஒரு கடைக்குள்ளும் அவர் காலடி வைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார், பிறகு நடப்பார், பரிவார தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டு போகிறவர் மாதிரி. கடைசியில் ஒரு வாங்கில் இருந்து மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“எல்லாம் வடிவாத்தான் கிடக்கு பிள்ளை. மூலஸ்தானம் எங்க?”

இவர் யோசிக்கவே இல்லை. அங்கே இருந்த பெரிய கடையைக் காட்டி, “ஈட்டன்ஸ், அம்மா” என்றார்.

எங்கள் வீட்டில் இது முப்பது வருஷப் பகிடி. ஆனால் மாமி பகிடிக்குக் கேட்கவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே வெளிச்சம். வெளிவீதி குளிர், உள்வீதி சூடு. சனம் சாரி சாரியாகச் சுற்றி வருகிறது, பிள்ளைகள் தோளில் இருக்கின்றன, எங்கேயோ இருந்து பாட்டு வருகிறது. நல்லூர்த் திருவிழாவை இருபத்தைந்து நாளும் பார்த்து வளர்ந்த மனுசி, இதில் எது குறைகிறது என்று தேடிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

மாமி வந்தபோது நாங்கள் ஏற்கெனவே நாலு வருஷம் அந்த வீதியைச் சுற்றி முடித்திருந்தோம்.

இவர் 1986இல் வந்தவர். நான் பிள்ளைகளோடு 1989 நவம்பரில் வந்தேன். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு மூன்று. கெனடி வீதிப் பக்கம் ஒரு பேஸ்மென்ற். அதன் ஒரே யன்னல் தரை மட்டத்தில் இருந்தது. அதால் பார்த்தால் மேலே குடியிருப்பவர்களின் சப்பாத்து போவதும் வருவதும் தெரியும். டிசம்பர் பிறக்க, பனி யன்னலை மூடிவிட்டது. அதன் பிறகு பகலா இரவா என்று தெரிய மணிக்கூட்டைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் வேலிக்கு வேலி ஓடித் திரிந்த பிள்ளைகள். இங்கே அறைக்குள் நாலு எட்டு வைத்து ஓடினால் மேலே இருந்து காலால் இரண்டு தரம் தட்டுவார்கள். முதல் தரம் தட்டியபோது மகள் சந்தோஷப்பட்டுத் திரும்பிச் சுவரில் தட்டினாள். யாரோ விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

ஓட இடம் வேண்டும். மோலுக்குப் போனதற்கு முதற்காரணம் அதுதான். சாமான் வாங்கப் போனோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வருஷங்களில் வந்த எங்கட சனத்தில் முக்கால்வாசிப் பேர் மோலுக்குப் போனது காலாற நடக்கவும் உடம்பைச் சூடாக்கவும்தான்.

இவருக்கு சனி பின்னேரம்தான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தாலும் பயனில்லை. அப்போது ஒன்ராறியோவில் ஞாயிறுகளில் பெரிய கடைகள் பெரும்பாலும் பூட்டுத்தான். 1992இல்தான் அது மாறியது. ஆகவே சனி பின்னேரம் மூன்று மணிக்கு உடுப்புப் போடத் தொடங்குவோம். நாலு பேருக்கும் ஜக்கெற், தொப்பி, கழுத்துச் சால்வை, கையுறை. கடைசி ஆளுக்குப் பொத்தான் பூட்டி முடிய முதல் ஆளுக்கு ‘ஒண்டுக்கு’ வந்துவிடும். பஸ்ஸில் கெனடி ஸ்ரேசன், அங்கிருந்து ஆர்.ரி.

அந்த ஆர்.ரி.யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985இல் ஓடத் தொடங்கிய சின்ன ரெயில், மொத்தமே ஆறு ஸ்ரேசன். சாரதியின் அறை ஒரு பக்கமாக ஒடுங்கி இருக்கும்; அதற்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தால் முன் கண்ணாடியால் தண்டவாளம் முழுக்கத் தெரியும். மகன் அந்த ஆசனத்துக்காகவே இரண்டு ரெயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவான். மிட்லண்ட் தாண்ட அது தூணுக்கு மேலே பறக்கிற மாதிரிப் போகும். பனி கூடினால் நின்றுவிடும் என்பது வேறு கதை. யாழ்தேவி கூட ஓடாமல் போன ஊரில் இருந்து வந்த எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. “எங்கட கோச்சி” என்பான் மகன்.

மோல் வாசலில் இரண்டு கதவு. முதற் கதவுக்கும் இரண்டாங் கதவுக்கும் இடையில் ஒரு சின்ன இடம், மேலே இருந்து சுடுகாற்று கொட்டும். பிள்ளைகள் அதிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே இழுத்துக்கொண்டு போவது பெரும்பாடு. உள்ளே போன பிறகு எல்லாருடைய ஜக்கெற்றையும் இவர்தான் தூக்குவார். கையில் இரண்டு, தோளில் இரண்டு, சட்டைப்பைகளில் கையுறைகள். கொடியில் உடுப்புக் காயப்போட்ட மாதிரி ஒரு மனுசன் எங்களுக்குப் பின்னால் நடந்து வருவார். ஊரில் அவர் கணக்கு வாத்தியார். பெடியங்கள் அவர் வாற சைக்கிள் மணிச்சத்தம் கேட்டாலே எழும்பி நிற்பார்கள். இங்கே இரவில் கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்கினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ‘விடுப்புப் பார்க்கிறது’ என்று ஒரு சொல் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பதுதான், ஆனால் அதில் கொஞ்சம் ஊர்ப்புதினமும் கலந்திருக்கும். மோலில் நாங்கள் செய்தது அதுதான். வெள்ளைக்காரத் தாய் பிள்ளையை எப்படிக் கண்டிக்கிறாள், கிழவன் கிழவி கைகோத்து எப்படி நடக்கிறார்கள், கடைக்காரப் பெட்டை ஏன் எல்லாருக்கும் சிரிக்கிறாள். கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகளின் உடுப்பைப் பார்த்துத்தான் இந்த ஊரில் எந்த மாதத்துக்கு என்ன போடுவது என்று படித்தேன். ‘சொறி’ என்று சொன்னால் இங்கே கோபப்பட ஒன்றுமில்லை என்பதையும் அங்கேதான் படித்தேன். ஒரு மனுசி என் காலை மிதித்துவிட்டு அதைச் சொன்னபோது எனக்கு ஊர்ச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு கடை வாசலில் ஒரு குதிரை நின்றது. காசு போட்டால் முன்னும் பின்னும் ஆடுகிற குதிரை. பழுப்பு நிறம், சிவப்புச் சேணம், ஒரு காதில் பெயின்ற் உரிந்திருந்தது. இருபத்தைந்து சதம். பிள்ளைகள் ஏறி இருப்பதற்குக் காசு கேட்க ஆளில்லை. காசு போட்டால்தான் அது அசையும். நாங்கள் போடுவதில்லை. இவர் ஜக்கெற் எல்லாவற்றையும் என்னிடம் தந்துவிட்டு, குதிரையின் கழுத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஆட்டுவார். அது இரும்புத் தண்டில் பூட்டிய குதிரை. முழுப்பலத்தையும் போட்டால் ஒரு சாண் அசையும். “ஹை, ஹை” என்பார். முதலில் மகளுக்கு, பிறகு மகனுக்கு. மகன் கெதியில் ஏறுவதை விட்டுவிட்டான். மகள் ஏழு வயது மட்டும் ஏறினாள்.

சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் போவதற்கு முன் வயிற்றை நிரப்பிவிடுவது என் கொள்கை. பாணும் இடிச்ச சம்பலும் வீட்டிலிருந்தே கொண்டு போவேன். பெட்டியைத் திறந்ததும் சம்பல் வாசம் எழும்பி, மூன்று மேசை தள்ளி இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, “அம்மா, இஞ்ச திறக்காதேங்கோ” என்பான். பிறகு ஓர் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி நாலு பேரும் பங்கு போடுவோம். அதோடு வாற கெச்சப் பைக்கற்றுகளில் மிஞ்சியதை என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். அந்தக் கெச்சப்பை வைத்து வீட்டில் ஒரு கறி கூட வைத்திருக்கிறேன். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

இனிச் சொல்லப் போவது 1991 ஜனவரி 5, சனிக்கிழமை நடந்தது. தேதி நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மகனுக்கு ஒரு லொறி பிடித்திருந்தது. மஞ்சள் லொறி, முதுகில் கிரேன், ஒரு சின்னக் கைபிடியைச் சுற்றினால் கொளுக்கி இறங்கும். விலை 9 டொலர் 99 சதம். அதை அவன் கார்த்திகையில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. நத்தார் முடிந்து வாங்கித் தருவதாக இவர் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் விலைச் சீட்டில் இருப்பது விலை அல்ல என்பதை நாங்கள் வந்த புதிதிலேயே பட்டு அறிந்திருந்தோம். வரி தனியாக வரும். இவர் கணக்குப் போட்டார்: மாகாண வரி எட்டு வீதம், எண்பது சதம், மொத்தம் 10 டொலர் 79 சதம். மகனின் கையில் ஒரு பத்து டொலர் தாளும் ஒரு டொலர்க் குத்தியும் கொடுத்து, “நீயே போய்க் குடு. இருபத்தொரு சதம் மிச்சம் தருவினம், எண்ணி வாங்கு” என்றார். அவனுக்கு ஆறு வயது. தானே காசு கொடுத்து ஒரு சாமான் வாங்குவது அதுதான் முதல் தடவை. லொறியைத் தலைக்கு மேலே தூக்கிப் பட்டறையில் வைத்தான்.

காசுப் பெட்டிக்காரப் பெண் சொன்னது 11 டொலர் 49 சதம்.

அந்த வருஷம் ஜனவரி முதலாம் தேதியில் இருந்து நாடு முழுக்க ஏழு வீதப் புது வரி. ரி.வி.யில் அதற்காக மாதக்கணக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சத்தம் கேட்டது, தேதி கேட்கவில்லை. எட்டும் ஏழும் பதினைந்து. இவருடைய பையில் போக்குவரத்துக் காசைத் தவிர வேறில்லை. என்னிடம் அதுவும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. இவர் அந்தப் பெண்ணுக்கு முன்னால் உதட்டை அசைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாத்தியார் கணக்குப் பிழைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். “கணக்குச் சரி. வரிதான் ரெண்டாப் போச்சு” என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

மகன் அழவில்லை. லொறியைத் தூக்கிக்கொண்டு போய், எடுத்த தட்டிலேயே, எடுத்த மாதிரியே முகம் வெளியே தெரிய வைத்துவிட்டு வந்தான். பதினொரு டொலரையும் அப்பாவின் கையில் வைத்தான். அடுத்த சனிக்கிழமை இவர் பதினைந்து டொலரோடு வந்தார். கடை வாசலில் மகன் நின்றுவிட்டான்.

“எனக்கு இப்ப அது விருப்பமில்லை அப்பா.”

அந்த லொறி இன்னும் ஒன்றிரண்டு மாதம் அந்தத் தட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தால் போகும்போது அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பான். அதன் பிறகு அவன் எங்களிடம் ஒரு சாமானும் கேட்டதில்லை. சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாம், “உங்கட பெடியன் என்ன பொறுப்பு, ஒண்டுக்கும் கரைச்சல் தாறேல்லை” என்பார்கள். நானும் அதைப் பெருமையாக வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். இப்போது யாராவது தங்கள் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் எனக்குப் பேச்சை மாற்றத்தான் தோன்றுகிறது. ஆறு வயதுப் பிள்ளை கேட்க வேண்டும். கேட்டு, அழுது, தரையில் உருண்டு மானத்தை வாங்க வேண்டும்.

எனக்கென்று ஓர் இடம் இருந்தது. ஸெல்லர்ஸ் கடையில் பற்றரி தொங்கும் தட்டி. 1990 ஆனியில் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்கு மின்சாரம் நின்றது. பற்றரி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று தடைப் பட்டியல் நீண்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்பதாக அம்மா எழுதியிருந்தா. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு விளக்கு. கொழும்புக்கு வந்து போகிறவர்கள் கையில் கடிதம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதில் இருக்கிற சுகம் இரண்டு மூன்று மாதம் பழைய சுகம். இங்கே அந்தத் தட்டியில் நாலு நாலாக, எட்டு எட்டாக, பெரிது சிறிதாக, நிலத்தில் இருந்து என் தலைக்கு மேல் மட்டும் பற்றரி. நான் அதற்கு முன்னால் நிற்பேன். பிள்ளைகள் பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போதும் நின்றுகொண்டிருப்பேன்.

“அம்மா என்ன பாக்கிறீங்கள்? எங்கட ரோச் வேலை செய்யுதே?”

“செய்யுது குஞ்சு, செய்யுது. வாங்கோ போவம்.”

அதே ஸெல்லர்ஸில் சாமானுக்குப் புள்ளி சேர்த்து ஒரு ரோஸ்டர் எடுத்தேன். எத்தனை வருஷம் சேர்த்தேன் என்று கணக்கில்லை. ஸெல்லர்ஸ் 2013இல் போய்விட்டது. அந்த இடங்களில் பலவற்றை எடுத்த டார்கெற் இரண்டு வருஷம்தான் நின்றது. ரோஸ்டர் இன்னும் வேலை செய்கிறது.

ஒரு தரம் மகள் காணாமற் போனாள். எந்த மோல் என்பது வேண்டாம். உடுப்புத் தொங்கவிடும் வட்டக் கம்பிக்குள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தவள், நான் விலைச் சீட்டைப் புரட்டித் திரும்புவதற்குள் இல்லை. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓர் இத்தாலியப் பிள்ளையும் காணாமற் போயிருக்கிறது, பாவம், என்று நினைத்தபடி நான் ஓடிக்கொண்டிருந்தேன். மகன்தான் நின்று சொன்னான்: “அம்மா, அது தங்கச்சியின்ரை பேர்.” எங்கள் பரம்பரைப் பெயரோடு சேர்த்து மூன்றாக முறித்து, எழுத்துகளை இடம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் காவற்காரரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறாள். கையில் ஒரு மிட்டாய். எங்களைக் கண்ட பிறகுதான் அழத் தொடங்கினாள்.

மாமி வந்த பிறகு மோலுக்குப் போவதன் முறையே மாறிவிட்டது. அவருக்கு ஓடும் படி பிடிக்காது. சேலைக் கரை அகப்பட்டுவிடும் என்று பயம். இரண்டு கையாலும் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “முருகா” என்று முதற்படியில் கால் வைப்பார். மேலே வந்து இறங்குவதற்கு இன்னொரு முருகா. பிறகு தனக்கென்று ஒரு வாங்கைப் பிடித்துக்கொண்டார். அதில் இருந்தால் ஈட்டன்ஸ் வாசல் தெரியும். பேரப்பிள்ளைகள் சுற்றிவிட்டு வந்து வந்து அவரிடம் புதினம் சொல்வார்கள். “கச்சான் விக்கிற ஒருத்தரும் இல்லையே இஞ்ச? ஒரு அம்மம்மா குழல் கூட ஊதக் கேக்கேல்லை. என்ன திருவிழா இது!”

1995 மார்கழி. அதற்குச் சில கிழமைகளுக்கு முந்தி, ஒக்ரோபர் 30 இரவில், ஊரில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டது. மாமியின் தங்கை குடும்பம் எங்கே என்று தெரியாது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் வைத்து என்ன செய்வது, வாருங்கள் என்று கூட்டிப் போனோம். நத்தார் சனம். தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பைகளைச் சுமந்துகொண்டு, எல்லாரும் ஒரே பக்கமாக அசைந்து அசைந்து. மாமி தன் வாங்கில் இருந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

“நாவற்குழிப் பாலத்தாலை சனம் இப்பிடித்தான் போயிருக்கும், என்ன” என்றார். பிறகு, “வீட்டை போவம் பிள்ளை.”

அந்த நத்தாருக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை.

ஈட்டன்ஸ் 1999இல் முறிந்தது. நூற்றுமுப்பது வருஷக் கடை. இவர் பேப்பரை மடித்துவிட்டு, “அம்மா, மூலஸ்தானத்தைப் பூட்டப் போறாங்களாம்” என்றார். மாமிக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. “பாலஸ்தாபனம் செய்து போட்டுப் பூட்டச் சொல்லு” என்றார். பிறகு சியேர்ஸ் வந்தது. அது 2018 ஜனவரியில் போனது. அதைப் பார்க்க மாமி இல்லை.

கல்லூரியில் கட்டட வரைகலை படித்த மகள் ஒருநாள் சொன்னாள்: கூரை போட்டு மூடிய இந்த மோல் என்பதைக் கண்டுபிடித்தவரே ஓர் அகதிதானாம். விக்ரர் குரூன், வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனவர், 1956இல் மினசோட்டாவில் சவுத்டேல் என்ற முதல் மோலைக் கட்டினாராம். அந்த ஊர்க் குளிர் இந்த ஊர்க் குளிருக்கு ஒன்றும் குறைந்ததல்ல. வியன்னாவில் சனம் தெருவில் நடந்து, இருந்து, கதைத்து, கோப்பி குடிக்கிற மாதிரி ஓர் இடத்தைக் கூரைக்குக் கீழே செய்து பார்க்க நினைத்தாராம். கடைசியில் அது வெறும் வியாபாரமாகிப் போனதைப் பார்த்து வெறுத்து, இது என் பிள்ளையே இல்லை என்று கைகழுவிவிட்டு, திரும்ப வியன்னாவுக்கே போய்ச் செத்தாராம். எனக்கு அந்த மனுசனிடம் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஐயா, நீங்கள் நினைத்ததைச் செய்த ஆட்கள் இருந்தோம். ஒன்றும் வாங்காமல் நடந்து, இருந்து, கதைத்தோம். கோப்பிக்குத்தான் காசில்லை.

2025 மே மாதம், ஹட்சன்ஸ் பே கடையைக் கழித்து விற்கிறார்கள் என்று மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கூடவே அவளுடைய ஐந்து வயது மகள். ஆர்.ரி. இல்லை, 2023 ஆடியில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நிறுத்திவிட்டார்கள். மகளின் காரில் போனோம். ஹட்சன்ஸ் பே 1670இல் தொடங்கிய கொம்பனி. அது தொடங்கும்போது ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது என்று இவர் முந்தி ஒருமுறை கணக்குச் சொல்லியிருக்கிறார். பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடு போட்ட அந்தப் போர்வையை நான் முப்பத்தைந்து வருஷம் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை. தட்டுகளும், உடுப்புத் தொங்கவிடுகிற கம்பிகளும், தலையில்லாப் பொம்மைகளும்தான் விலைச் சீட்டோடு நின்றன. பேத்தி ஒரு பொம்மையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “அம்மம்மா, இவவுக்குத் தலை எங்க?” என்றாள்.

வெளியே வந்து நடந்துகொண்டிருக்கையில் மகள் ஓரிடத்தில் நின்றாள். இப்போது அங்கே கைபேசி உறை விற்கிற ஒரு சின்னத் தட்டிக் கடை.

“குதிரை இதிலதானே நிண்டது அம்மா?”

இதிலா, இன்னும் தள்ளியா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளுக்கு நிச்சயம். பிறகு அவளே சிரிக்கத் தொடங்கினாள். ஒருநாள் அந்தக் குதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்ததாம். தாய் காசைப் போட்டுவிட்டு அங்கால் போய் யாருடனோ கதைத்துக்கொண்டு நிற்க, குதிரை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்ததாம். “எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்கச் சரியான பாவமா இருந்தது. குதிரையை அப்பாதானே ஆட்டுறது? அதுக்கு அப்பா இல்லையாக்கும், அதுதான் பாவம் மெசின் ஆட்டுது எண்டு நினைச்சன். பள்ளிக்கூடத்தில நாலாம் வகுப்பு வந்த பிறகுதான் எனக்கு விளங்கினது.”

அண்ணனுக்கு அது முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அவர் நினைச்சிருப்பார்.”

வீட்டுக்கு வந்தபோது இவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். பேத்தி தலையில்லாப் பொம்மைகளைப் பற்றி ஒரு நீண்ட கதை சொன்னாள். அவள் குசினிக்குள் ஓடிய பிறகு, மகள் சொன்னதை நான் அப்படியே இவருக்குச் சொன்னேன். பிள்ளை நினைத்ததை, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பாவப்பட்டதை, எல்லாவற்றையும். சிரிப்பார் என்று நினைத்தேன். எண்ணெய்ப் போத்தலை இறுக்கி மூடினார்.

“இருபத்தைஞ்சு சதத்துக்கு நீங்கள் பட்ட பாடு” என்றேன்.

“இருபத்தைஞ்சு இல்லையப்பா, அம்பது சதம்” என்றார். “இருபத்தைஞ்சு எண்டா நான் போட்டிருப்பனே?”